கோலார் தங்கவயலும் நியூட்ரினோவும்

வளிமண்டல நியூட்ரினோ முதன்முதலில் அறியப்பட்ட 1965ஆம் ஆண்டைப் பற்றி எழுதுவோர் பலரும், முந்தியவர் யார் என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகின்றனர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ரெய்ன்ஸ் குழுவினர் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே முதல் நிகழ்வைப் பதிவு செய்தனர். கோலார் குழுவினரின் கட்டுரையோ ஆகஸ்டில் இரு வாரம் முன்னதாக அச்சேறியது. இப்போட்டியைவிடக் கவனிக்கத்தக்கது, அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கோலாரில் எதுவுமே பதிவாகாமல் கழிந்த ஏறத்தாழ இரண்டு மாதங்கள்.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நரசிம்மம், ரமண மூர்த்தி ஆகியோரும் ஜப்பானியரான மியாகேயும் 1960களின் தொடக்கத்தில் சுரங்கத்தின் வெவ்வேறு ஆழங்களில் மியூவான் துகள்களை எண்ணினர். ஆழம் கூடக் கூட எண்ணிக்கை குறைந்தது. சுமார் 2.7 கி.மீ. ஆழத்தில் ஒன்றுகூடச் சிக்கவில்லை. தோல்வி போலத் தோன்றும் இம்முடிவே அடுத்த ஆய்வுக்கு வித்தாயிற்று. வானிலிருந்து வரும் மியூவான்களைப் பாறை அனேகமாக முற்றும் தடுத்துவிடுமெனில், அங்கே கிடைமட்டமாக வரும் மியூவான், பாறையையும் ஊடுருவும் நியூட்ரினோவால் அருகிலேயே பிறந்ததாக வேண்டும்.

ஆகவே 2.3 கி.மீ. ஆழத்தில் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகைகள் சுவர்போலச் செங்குத்தாக நிறுத்தப்பட்டன. மின்னூட்டத் துகளொன்று ஊடுருவுகையில் அப்பலகையில் மிக மெல்லிய ஒளி தோன்றி நொடியின் நுண்பகுதியில் மறையும். ஒளிப்பெருக்கிக் குழாய் அதனை மின்துடிப்பாக்கும். (இன்றைய பெட் ஸ்கேன் கருவிகளிலும் ஒளிரும் படிகமும் ஒளியுணரியும் இவ்வாறே இணைந்து இயங்குகின்றன.) எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டும் ஒருசேர ஒளிர்ந்தால் துகள் பக்கவாட்டில் கடந்தது எனலாம். மும்பை, ஒசாகா, டர்ஹாம் ஆகிய மூவிடத்து அறிஞர்களின் பெயர்கள் கட்டுரையில் உள்ளன.

அந்த ஆழத்தை ஆய்வாளர்கள் தோண்டவில்லை. 1880களிலிருந்து ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் பாறையை உடைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். அவர்களுள் மிகுதியானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோய் அவர்களிடையே பரவலாக இருந்தது. அறிவியல் வரலாறு அவர்கள் தோண்டிய ஆழத்தை வெறும் அளவாகக் குறிக்கிறது. அதற்குப் பின்னுள்ள உழைப்பையும் ஆய்வின் நிபந்தனைகளுள் ஒன்றாகக் கொள்வதே முறை.

1990களின் தொடக்கத்தில் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. 2001இல் சுரங்கமும் மூடப்பட, நீரிறைப்பு நின்று ஆழ்மட்டங்கள் நீரில் மூழ்கின.