ஓவியமும் எழுத்தே

தமிழில் ‘எழுத்து’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஏட்டில் பொறிக்கும் வரிவடிவமும் எழுத்து; சுவரில் தீட்டும் உருவமும் எழுத்து. ஓவியன் படம் வரைகிறான் என்று இன்று நாம் சொல்லுகிறோம். பழந்தமிழ்ப் புலவர்களோ, அவன் படத்தை எழுதினான் என்றே பாடினர். எழுதப்பட்டது எதுவாயினும் அது படிக்கப்படுதற்கு உரியது. ஆகவே, பள்ளிப் பிள்ளைகள் ஓவியத்தைப் படிக்கப் பழக வேண்டும் என்னும் கருத்து நமக்கு மேலைநாட்டிலிருந்து வந்த புதுமையன்று. நம் சொல்லுக்குள்ளேயே உறைந்து கிடக்கும் பழமையாகும்.

இக்கருத்தைத் தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழும் தமிழர் இன்று நினைவு கூர்தற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. அந்தமானில், போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகரை ஒட்டி, ஒரு பாலத்தால் அதனோடு பிணைக்கப்பட்டிருக்கிறது சாத்தம் என்னும் சிறு தீவு. 1789ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேர் ஆங்கிலேயரின் முதற் குடியேற்றத்தை அமைத்த இடம் அது. 1883ஆம் ஆண்டில் அங்கே மரம் அறுக்கும் ஆலை தோன்றியது. அதன்பின் பல மொழி பேசும் மக்கள் பிழைப்பை நாடி அத்தீவுகளுக்கு வந்தனர், தமிழரும் வந்தனர். அத்தகைய ஊரில் வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது, தெருவில் இந்தி பேசுகிறது, பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறது. காதில் விழும் தமிழ் அதற்குப் புரிகிறது. ஆயினும் ஏட்டில் உள்ள தமிழ் பல குழந்தைகளுக்கு எட்டாமற் போகிறது. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கும் இக்கவலை புதிதன்று. எழுத்து எட்டாத குழந்தையைத் தமிழுக்குள் அழைத்து வர ஒரு வாயில் வேண்டும். அவ்வாயில் ஓவியம் என்பதையே நம் வரலாறு காட்டுகிறது.

சங்கத் தொகை நூல்களுள் ஒன்றாகிய பரிபாடலை உ. வே. சாமிநாதையர் 1918ஆம் ஆண்டில் பதிப்பித்தார். அதன் பத்தொன்பதாம் பாடல் நப்பண்ணனார் இயற்றியது, திருப்பரங்குன்றத்தைப் பற்றியது. மதுரை மக்கள் முருகனை வழிபடக் குன்றம் ஏறுகின்றனர். அங்கே ஓவியங்கள் நிறைந்த மண்டபம் ஒன்று உள்ளது. புலவர் அதற்கு இட்ட பெயர் ‘எழுத்துநிலை மண்டபம்’ என்பது. ஞாயிறும் கோள்களும் இயங்கும் நிலையைக் காட்டும் சக்கரம் ஒன்றைச் சிலர் நோக்கி நிற்கின்றனர். வேறு சிலர், இரதியும் காமனும் எழுதப்பட்ட இடத்தில் நின்று, இவள் யார், இவன் யார் என்று வினவுகின்றனர். அருகில் நிற்போர் விடை கூறுகின்றனர். அப்பால் அகலிகையின் கதை எழுதப்பட்டிருக்கிறது. பூனை வடிவில் நழுவும் இந்திரனையும், அகலிகையையும், சினம் கொண்ட கௌதமனையும், அவள் கல்லான நிலையையும் ஒருவர் சுட்டிக் காட்ட, மற்றவர் கேட்கின்றனர்.

இக்காட்சியில் கருதத்தக்கது ஒன்று உண்டு. மண்டபத்தின் ஓவியன் யார் என்று புலவர் கூறவில்லை. வண்ணங்களின் சிறப்பையும் விரித்துரைக்கவில்லை. படத்தின் முன் நிற்பவர் செய்யும் செயலையே அவர் பாடுகிறார். அச்செயல் வினவுதலும் விடையிறுத்தலும் ஆகும். ஓவியம் சுவரில் பாதியே நிற்கிறது; மற்றைப் பாதி பார்ப்போர் நாவில் நிறைவு பெறுகிறது.

இப்பழக்கம் பரங்குன்றத்தோடு நின்றதன்று. புகார் நகரின் மாளிகைச் சுவர்களில் வானவர் முதலாகப் பலவகை உயிர்களும் தீட்டப்பட்டிருந்ததையும், தெருவிற் செல்வோர் அவற்றைக் கண்டு மயங்கி நின்றதையும் மணிமேகலை உரைக்கிறது. வடநாட்டிலும் இதனை ஒத்த வழக்கம் இருந்தது. ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் எழுதிய ஹர்ஷசரிதத்தில், தந்தை நோயுற்ற செய்தி கேட்டு விரைந்து தலைநகர் திரும்பும் ஹர்ஷன், கடைத்தெருவில் ஒரு படக்காரனைக் காண்கிறான். யமனும் மறுவுலகமும் தீட்டிய திரைச்சீலையை அவன் ஒரு கையில் ஏந்தி, மறுகையிலுள்ள கோலால் ஒவ்வொன்றாகச் சுட்டிக் கதை சொல்லுகிறான். அவனைச் சூழ்ந்து நிற்போர் யார்? சிறுவர் கூட்டமே! முத்திராராட்சசம் என்னும் நாடகத்தில் சாணக்கியனின் ஒற்றன் இத்தகைய படக்காரனாக வேடம் பூண்டு வீடுகளுக்குள் புகுகிறான். ஐயம் கொள்ளாமல் மக்கள் உள்ளே விடும் அளவுக்கு இத்தொழில் பரவியிருந்தது என்று இதனால் உணரலாம்.

பரங்குன்றத்து மண்டபமும் கடைத்தெருத் திரைச்சீலையும் நமக்கு இரண்டு கற்பிக்கும் முறைகளைக் காட்டுகின்றன. திரைச்சீலையின் முன் கோல் ஏந்தியவனே பேசுகிறான்; சிறுவர் கேட்கின்றனர். மண்டபத்திலோ பார்ப்பவர் முதலில் கேட்கின்றார். அறிந்தவர் பின்னர் விடை கூறுகின்றார். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு தஞ்சைக்குச் செல்வோம்.

இராசராச சோழன் எழுப்பிய பெரிய கோயில் 1010ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றுப்பாதையின் சுவர்களில் சோழர் காலத்து ஓவியங்கள் தீட்டப்பட்டன. பிற்காலத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் அவற்றின் மேல் எழுதப்பட்டமையால் பழையன மறைந்து கிடந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி 1931ஆம் ஆண்டில் அவற்றைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார்.

அங்கே சுந்தரர் கதை ஒரு பெருஞ்சுவரில் விரிகிறது. கீழே திருமணக் காட்சி. அதனிடையே முதியவர் ஒருவர் ஓலையை உயர்த்திக் காட்டி வழக்கிடுகிறார். மணமகன் தனக்கு வழிவழி அடிமை என்கிறார். சான்றோர் அவையில் ஓலை ஆராயப்படுகிறது. முதியவர் கோயிலுக்குள் மறைய, வந்தவர் திகைக்கின்றனர். மேலே, சுந்தரர் வெள்ளை யானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலைக்கு விரைகின்றனர். உச்சியில் சிவபெருமான் வீற்றிருக்க ஆடல் நிகழ்கிறது. கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டிய ஏடு இச்சுவர். மண்ணிலே தொடங்கிய வழக்கு விண்ணிலே முடிவதைக் கண் ஏறிச் செல்லும் திசையே உணர்த்திவிடுகிறது.

இவ்வோவியத்தின் காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டில். தஞ்சைச் சுவர் அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முந்தியது. பெருங்காப்பியம் பிறப்பதற்கு முன்பே கதை சுவரில் எழுதப்பட்டுவிட்டது. படம் என்பது நூலைப் படிக்க இயலாதார்க்கு அளிக்கும் மாற்றுப் பொருள் என்று கருதுவோர் இதனை நினைத்தல் வேண்டும்.

தஞ்சையிலிருந்து திருவாரூருக்குச் சென்றால் இக்கலை மேலும் ஒரு படி வளர்ந்திருப்பதைக் காணலாம். தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை நீண்ட பட்டைகளாக எழுதப்பட்டுள்ளது. குரங்கு முகம் கொண்ட அவ்வரசன் இந்திரனுக்குப் போரில் உதவுகிறான்; கைம்மாறாகத் தியாகராசர் திருமேனியைக் கேட்கிறான். தர மனமில்லாத இந்திரன் ஒன்று போலவே ஏழு திருமேனிகளை முன்வைத்து, உண்மையானதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுகிறான். அரசன் தவறாது தேர்கிறான். ஏழினையும் மண்ணுலகிற்குக் கொணர்கிறான். ஒரே பட்டையில் முசுகுந்தன் பல முறை தோன்றுகிறான். இவர்கள் பலர் அல்லர், ஒருவனே என்பதை அறிய அக்குரங்கு முகமே துணை. வரிசையாக எழுதிய படத்தைப் படிப்பதற்கு வேண்டிய முதல் இலக்கணம் இதுவாகும்.

இன்னொரு சிறப்பும் அங்கு உண்டு. ஒவ்வொரு காட்சியோடும் அது இன்னது என்று தமிழில் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தறியாதார் உருவத்தைப் படித்தனர். எழுத்தறிந்தார் இரண்டையும் படித்தனர். இருவரும் அருகருகே நின்றனர். தந்தை வரியைப் படிக்க, மகன் உருவத்தைக் காட்ட, இரண்டு எழுத்தும் ஒன்றையொன்று விளக்கியிருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது.

படத்தையும் சொல்லையும் இவ்வாறு இணைப்பதன் பயனை மேலைநாட்டாரும் உணர்ந்தனர். மொராவியாவிற் பிறந்த கொமீனியஸ் என்னும் கல்வியாளர் 1658ஆம் ஆண்டில் நூரம்பர்க் நகரில் படப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் இட்டு, அதே எண்ணைப் பாடத்திலுள்ள சொல்லுக்கும் இட்டார். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும், நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்தில் கல்விப் பணியாற்றிய பிலிப் யெனவைனும் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு முறையை வகுத்தனர். அதில் ஆசிரியர் கதையை முதலில் சொல்லமாட்டார். படத்தில் என்ன நடக்கிறது என்று கேட்பார். எதைக் கண்டு அவ்வாறு சொல்லுகிறாய் என்று கேட்பார். இன்னும் என்ன காண்கிறாய் என்று கேட்பார். மூன்றே வினாக்கள். இரண்டாம் வினாவே அவற்றுள் தலையாயது. மனம் போனபடி பேசும் குழந்தையை அது படத்திற்கே திருப்பி அழைத்து, சான்று காட்டிப் பேசப் பழக்குகிறது.

இம்முறையைக் கேட்டதும் பரங்குன்றத்து மண்டபம் நினைவுக்கு வருகிறதன்றோ? எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கல்லான பெண்ணை எத்துணை நேரம் உற்று நோக்கினாலும், அவள் பெயர் அகலிகை என்பதைக் கண் மட்டும் சொல்லிவிடாது. அதனைச் சொல்ல அறிந்தவர் ஒருவர் அருகில் வேண்டும். வினா இல்லையேல் குழந்தை ஊமையாகிவிடும். விடை கூறுவார் இல்லையேல் கதை ஊமையாகிவிடும். முதலில் கேட்டு, பின்னர்ச் சொல்லுதல் என்னும் வரிசையே நம் முன்னோர் மண்டபத்தில் கண்ட வரிசை.

சாத்தத்தில் வாழும் குடும்பத்திற்குப் பரங்குன்றமும் இல்லை, திருவாரூரும் இல்லை என்று சிலர் கூறலாம். தஞ்சையின் சோழர் ஓவியங்களுள்ள சுற்றுப்பாதையில் பொதுமக்கள் இன்று தாராளமாகச் செல்ல இயலாது. ஓவியத்தைக் காத்தற்பொருட்டு அப்பாதை அடைக்கப்பட்டுள்ளது. தஞ்சையிலே பிறந்த குழந்தையும் படிகளின் வாயிலாகவே அவற்றைக் காண்கிறது. நல்ல அச்சுப்படி ஒன்று கிடைக்குமாயின், தஞ்சைக் குழந்தைக்கும் சாத்தத்துக் குழந்தைக்கும் இடையே கடல் ஒரு தடையன்று.

அச்சுப்படியும் கிட்டாத வீட்டில் நாட்காட்டி உண்டு. கோவிற்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) தீட்டிய தெய்வப் படங்கள் நாட்காட்டிகளின் வழியே தமிழர் சென்ற இடமெல்லாம் சென்றன. அவ்வழியில் வந்த படங்கள் இன்றும் வீடுகளில் தொங்குகின்றன. வள்ளி திருமணப் படம் ஒன்றைக் குழந்தையின் முன் வையுங்கள். அந்தப் பெண் ஏன் அஞ்சுகிறாள்? யானை எங்கிருந்து வந்தது? முதியவர் மெய்யாகவே முதியவர்தாமா, அதனை எதனால் அறிந்தாய்? தஞ்சைச் சுவரிலும் தெய்வம் முதியவராகவே வந்தது என்பதை முன்பே கண்ட குழந்தை, இரண்டையும் இணைத்துத் தானே விடை சொல்லும். விடை தமிழில் வரட்டும். சொல் கிடைக்காமல் குழந்தை தயங்கும் இடத்தில் பெற்றோர் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தால் போதும். பிறகு, அது சொன்ன ஒரு வாக்கியத்தைப் படத்தின் கீழே எழுதிக் காட்டுங்கள். அவ்வாறு செய்யும்போது திருவாரூர் விதானத்து முறை உங்கள் வீட்டுச் சுவருக்கு வந்துவிடுகிறது. தன் வாயிலிருந்து வந்த சொல்லையே குழந்தை முதன்முதலாகப் படிக்கிறது. பிறர் சொல்லைப் படிப்பதற்கு அதுவே படிக்கல்லாகும்.

தெய்வக் கதைகளோடு இது நின்றுவிட வேண்டுவதில்லை. செல்லுலார் சிறையைக் காணச் செல்லும் பிள்ளைகள் அங்கே கைதிகள் இழுத்த செக்கின் காட்சியைப் பார்க்கின்றனர். கோவைச் சிறையில் வ. உ. சிதம்பரனார் செக்கிழுக்கும் படத்தைப் பாடநூல்களில் காணாத தமிழர் அரியர். 1908ஆம் ஆண்டில் அவருக்கு முதலில் விதிக்கப்பட்டது தீவாந்தர தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. குறையாதிருப்பின் அவர் கொணரப்பட்டிருக்கக்கூடிய தீவிலேதான் அப்பிள்ளைகள் வாழ்கின்றனர். இரண்டு செக்குகளையும் அருகருகே வைத்து, இங்கே மாடு எங்கே என்று ஒரு வினாவை மட்டும் கேட்டுப் பாருங்கள். மனிதனை மாட்டின் இடத்தில் நிறுத்திய ஆட்சியின் வரலாற்றைப் பிள்ளைகளே சொல்லத் தொடங்குவர். சாத்தத்து மர ஆலையில் இரண்டாம் உலகப்போரில் விழுந்த குண்டு தோண்டிய பள்ளமும் இவ்வாறே படிக்கத்தக்க ஓர் எழுத்துத்தான்.

கோல் ஏந்திய படக்காரன் போனபின் அவன் சொன்ன கதை சிறுவர் நினைவில் சில நாள் நின்றிருக்கும். தானே கேட்டு, தானே கண்டு, தன் மொழியில் சொன்ன கதையோ வாழ்நாள் முழுதும் நிற்கும். வாரத்திற்கு ஒரு படம், ஒரு படத்திற்கு மூன்று வினா, முடிவில் ஒரு தமிழ் வாக்கியம். இதற்குப் பள்ளிக்கூடமும் வேண்டா, பொருட்செலவும் வேண்டா. பொறுமையோடு கேட்கும் ஒரு செவி இருந்தால், எந்த வீட்டுச் சுவரும் எழுத்துநிலை மண்டபம் ஆகலாம்.