கறிவேப்பிலைச் செடி தீர்த்த வழக்கு

1758-இல் விலங்குகளுக்கு முறையாகப் பெயரிட்ட லின்னேயஸ், ஒரே வண்ணத்துப்பூச்சியின் ஆணைப் ‘பம்மோன்’ என்றும் பெண்ணைப் ‘பாலிடெஸ்’ என்றும் இரண்டு இனங்களாக எழுதிவைத்தார். பின்னர் கிராமர் என்ற டச்சுக்காரர், அதன் இன்னொரு வகைப் பெண்ணுக்கு ‘ரோமுலஸ்’ என்று மூன்றாவது பெயர் சூட்டினார். அவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர்; கண்ணை நம்பினார்கள், அவ்வளவுதான். ஆணுக்குக் கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்களிலோ ஒன்று ஆணைப் போலவே இருக்கும். ஒன்று, ரோஜா அழகி என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் சாயல். ஒன்று, அதாவது ரோமுலஸ், சிவப்புடல் அழகி என்ற இன்னொரு வண்ணத்துப்பூச்சியின் சாயல். அந்த இரண்டு அழகிகளின் புழுக்களும் ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி போன்ற நச்சுக்கொடிகளைத் தின்று வளர்பவை. பறவைகள் அவற்றை ஒதுக்குவதால், வேடம் போட்ட பெண்ணும் தப்பிவிடுகிறது. ஆனால் வேடம் சிறகோடு நின்றுவிடுகிறது. சிவப்புடல் அழகிக்குத் தலையும் வயிறும் சிவப்பு. ரோமுலஸின் உடலோ கறுப்பு.

சிறகை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இனம் பிடிபடாது, முட்டையிலிருந்து வளர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும் என்பதே இந்த வரலாறு காட்டும் உண்மை. இயற்கையியலாளர் வாலஸ் 1865-இல் வெளியிட்ட கட்டுரையில், சேகரித்த பூச்சிகளை ஒப்பிட்டே இவை ஓரினம் என்று விளக்கிவிட்டாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஊசியில் குத்திய பூச்சிகள் எவ்வளவு வலுவான ஊகத்தைத் தந்தாலும், ஒரு தாய் வயிற்றில் இத்தனை உருவங்களும் பிறக்கும் என்று காட்ட முடியாது. இலங்கையில் ஃப்ரையர் என்ற ஆய்வாளர் இவற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, 1913-இல் முடிவுகளை வெளியிட்டபோதுதான், இந்த வேற்றுமை மெண்டல் கண்ட விதிப்படி இறங்கி வருகிறது என்பது தெளிவாயிற்று. எந்தச் சாயலில் வந்த பெண்ணும் முட்டையிடத் தேடுவது கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை இலைகளைத்தான். இளம்புழு பறவை எச்சம் போலத் தளிரில் ஒட்டிக்கிடக்கும். முதிர்ந்து பச்சையான பிறகு தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்புபோன்ற உறுப்பை நீட்டி நாற்றத்தைப் பரப்பும். இந்த வண்ணத்துப்பூச்சியைத் தமிழில் கறிவேப்பிலை அழகி என்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது: மாறும் சிறகை விட்டு, மாறாத உணவைப் பிடித்துக்கொண்ட பெயர் அது.

மரபணுவைப் படிக்க முடிகிற காலத்தில் புழு வளர்ப்பு எதற்கு என்பாரும் உண்டு. பெண்ணின் வேடத்தை ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்று 2014-இல் கண்டறிந்தார்கள். அந்த மரபணு இருக்கும் இடத்தைத் தேடிப் பிடிக்கவும், வெவ்வேறு சாயல் பூச்சிகளை இணைசேர்த்து, புழுக்களை வளர்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.