காஞ்சிபுரம் பட்டுத்தறி: தொழில்நுட்ப மாற்றங்களும் எதிர்காலக் கணிப்புகளும்

காஞ்சிபுரம் பட்டுத்தறி என்பது, காஞ்சிபுரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டுச்சேலை நெய்யப் பயன்படும் குழித்தறியையும், அதன்மேல் காலந்தோறும் ஏறிய அடை, ஜக்கார்டு பெட்டி, மின்னணு ஜக்கார்டு ஆகிய பூவேலைச் சாதனங்களையும் சேர்த்துக் குறிக்கும். கடந்த நூறாண்டுகளுக்கு மேலாக இத்தறியின் எதிர்காலம் பற்றிப் பல கணிப்புகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. இயந்திரம் வந்தால் நெசவாளியின் கை ஓய்ந்துவிடும் என்பது அவற்றுள் முதன்மையானது. இயந்திரம் வந்தது. பூவை நினைவில் வைத்திருக்கும் வேலையை அது எடுத்துக்கொண்டது. சேலையின் கரையையும் உடலையும் இணைக்கும் வேலை இன்றும் கையிடமே இருக்கிறது.

தொன்மை

பல்லவர் தலைநகரான காஞ்சியில் நெசவாளர் குடியிருப்புகள் பழமையானவை. 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடுகள், கச்சிப்பேட்டின் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளரிடம் ஊரகத்துத் திருமால் கோயிலின் மேற்பார்வைப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. கோயில் நிர்வாகத்தைக் கையாளும் அளவுக்கு நெசவாளர் செல்வாக்குப் பெற்றிருந்தனர் என்பது இதனால் விளங்கும். பட்டு நெசவில் தேர்ந்த குடும்பங்கள் விஜயநகர ஆட்சிக் காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறின என்பது மரபுவழிச் செய்தி. பட்டுச்சாலியர், பத்மசாலியர், தேவாங்கர், செங்குந்தர், சௌராட்டிரர் எனப் பல சமூகத்தினர் பட்டு நெசவில் ஈடுபட்டு வந்துள்ளனர். பிள்ளையார்பாளையம் நெசவாளர் பகுதியாகப் பெயர் பெற்றது. விடியற்காலையில் தறியின் நீள இழைகளான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பக்குவப்படுத்துவது இப்பகுதிகளின் அன்றாடக் காட்சி.

அடை

ஜக்கார்டுக்கு முன் பூவேலைக்குப் பயன்பட்டது அடை. நெய்ய வேண்டிய உருவத்தை இழைக் கணக்காகப் பிரித்து, நூற்கயிறுகளின் முடிச்சுகளாகத் தறியில் கட்டிவிடுவார்கள். தறியில் உட்காரும் நெசவாளிக்கு உதவியாக ஒருவர் அந்தக் கயிறுகளை வரிசை மாறாமல் இழுப்பார். இழுத்த கயிற்றுக்குரிய பாவு இழைகள் மேலே எழும்ப, நெசவாளி ஜரிகை நாடாவை ஊடே விடுவார். ஓர் இழுப்பு தவறினால் மயிலின் கழுத்து ஒடிந்ததுபோல் ஆகிவிடும். மயில்கண், ருத்திராட்சம், வைர ஊசி, தாழம்பூ, கோபுரம் போன்ற உருவங்கள் இப்படி முடிச்சு வடிவில்தான் தலைமுறை தாண்டி வந்தன. புதிய பூ என்றால் அடையை அவிழ்த்து மறுபடி கட்டவேண்டும். அதனால் புதுமை அரிதாகவும் பழைய உருவங்கள் நிலையாகவும் இருந்தன.

ஜக்கார்டு

பிரான்சின் லியோன் நகரத்தவரான ஜோசப் மாரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய சாதனம், முடிச்சுக்குப் பதிலாகத் துளையிட்ட அட்டையைக் கொண்டுவந்தது. குறுக்கே ஓடும் ஓர் இழைக்கு, அதாவது ஓர் ஊடைக்கு, ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் ஊசி நுழைந்து, அதற்குரிய இழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கும். அட்டைகளைக் கயிற்றால் கோத்துச் சங்கிலியாக்கித் தறிக்கு மேலுள்ள பெட்டியில் சுழலவிடுவார்கள். 20ஆம் நூற்றாண்டில் இந்தப் பெட்டி காஞ்சிபுரத்தில் பரவியதும் அடை பின்வாங்கியது. கயிறு இழுக்க ஆள் தேவையில்லை. மிதியை அழுத்தினால் போதும். கட்டத்தாளில் டிசைன் போடுபவர், அட்டை அடிப்பவர், அட்டை கோப்பவர் என்ற புதிய தொழில்கள் தோன்றின. முந்திக்கு ஒரு கட்டு, கரைக்கு ஒரு கட்டு என்று அட்டைகள் குவிந்தன. ஒரு பெரிய முந்திக்கு ஆயிரக்கணக்கில் அட்டை தேவைப்படுவது உண்டு.

இதே அட்டைதான் சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வு இயந்திரத்துக்கு முன்மாதிரி. ஹெர்மன் ஹாலரித் 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார். கணினி யுகத்தின் மூதாதையான ஒரு சாதனம், கணினியின் பெயரே கேள்விப்படாத தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆலைத்துணியும் அழிவுக் கணிப்பும்

பட்டுத்தறிக்கு முன்பே பருத்தித்தறி நெருக்கடிக்குள்ளானது. இங்கிலாந்தின் ஆலைத்துணியும் பிறகு உள்நாட்டு ஆலைத்துணியும் கைத்தறியை ஓரிரு தலைமுறைக்குள் ஒழித்துவிடும் என்பது 19ஆம் நூற்றாண்டு முதலே பரவலான கருத்து. கைத்தறியைக் காக்க, அதன் விரைவைக் கூட்டும் விசைநாடாவைப் பரப்பும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் நடந்தன. 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ், நெசவாளரைக் கூட்டுறவுச் சங்கங்களின் வழியே சந்தையோடு இணைத்தது. 1950களின் தொடக்கத்தில் சென்னை மாநில முதலமைச்சரான ராஜாஜி, சேலையையும் வேட்டியையும் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். 1953இல் திராவிட முன்னேற்றக் கழகத் தலைவர்கள் கைத்தறித் துணிகளைத் தெருத் தெருவாகச் சுமந்து விற்றனர். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் முதலில் 22 வகைத் துணிகள் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்டன. 1996இல் அவை 11 ஆகக் குறைந்தன.

'இனிவரும் உலகம்'

எதிர்காலத் தொழில்நுட்பம் பற்றித் தமிழில் எழுந்த புகழ்பெற்ற கணிப்பு ஒன்று காஞ்சிபுரத்தோடு தொடர்புடையது. நெசவாளர் குடும்பத்தில் 1909இல் இவ்வூரில் பிறந்த சி. என். அண்ணாதுரை, 1942 மார்ச்சில் 'திராவிட நாடு' வார இதழை இங்கிருந்து தொடங்கினார். பெரியாரின் 'இனிவரும் உலகம்' 1943இல் அவ்விதழில் வெளிவந்து, பின்னர் சிறுநூலாகப் பலமுறை அச்சானது. சட்டைப்பையில் அடங்கும் கம்பியில்லாத் தொடர்புக் கருவி, ஒருவர் உருவத்தை ஒருவர் பார்த்தபடி பேசும் வசதி, ஓரிடத்திலிருந்தே பல இடத்தவருக்கும் கல்வி புகட்டுதல், ஆண்-பெண் சேர்க்கையின்றிப் பிள்ளைப்பேறு ஆகியவற்றை அது முன்னுரைத்தது. முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் 1978இல் பிறந்தது. கைபேசியும் காணொளி அழைப்பும் பின்னாளில் பரவலாயின.

கருவிகளின் பட்டியலோடு அந்நூல் நின்றுவிடவில்லை. கடும் உழைப்பை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும், மனிதர் சிறிது நேரம் உழைத்தாலே போதும், பணத்துக்கே வேலை இராது என்பதும் அதன் பார்வை. கருவி பற்றிய பகுதி பலித்த அளவுக்கு உழைப்பு பற்றிய பகுதி பலிக்கவில்லை என்பதற்குப் பட்டுத்தறியே சான்று. ஜக்கார்டு பெட்டியைத் தூக்கும் மிதி, அதிக இழைகள் சேரச் சேரக் கனத்தது. நாள் முழுவதும் மிதிப்பதால் வரும் கால்வலி நெசவாளர் வீடுகளில் தொழிலோடு ஒட்டிய நோயானது. அண்மைக் காலத்தில் சிறு மோட்டாரால் பெட்டியைத் தூக்கும் சாதனங்கள் வந்து அந்தப் பளுவைக் குறைத்துள்ளன.

கோர்வையும் துணையாளும்

காஞ்சிபுரம் சேலையின் தனி அடையாளம் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் தனித்தனி ஊடையால் நெய்யப்படுகின்றன. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: இடக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக்கரைக்கு ஒன்று. ஒவ்வொரு வரிசையிலும் உடல் ஊடை கரை ஊடையோடு கொக்கிபோட்டுத் திரும்பும். தறியின் அகலத்தை ஒருவர் கை எட்டாது. அதனால் வலப்புறம் ஒருவர் உட்கார்ந்து மூன்றாவது நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். உடல் பாவோடு முந்திப் பாவை இழை இழையாக இணைக்கும் பிட்னி வேலையும் கைவேலையே.

அந்த வலப்புற இடத்தில் நெடுங்காலம் சிறுவர் சிறுமியரே உட்கார்ந்திருந்தனர். குடும்பக் கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளைத் தறிக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம், அரசின் சோதனைகள், மீட்கப்பட்டோருக்கான சிறப்புப் பள்ளிகள், பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை ஆகியன நிலைமையை மாற்ற உதவின. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றதும் துணையாள் கூலி கூடியது. விளைவாகக் கோர்வை இல்லாத, ஒரே நாடாவில் நெய்யக்கூடிய சேலைகள் பெருகின. தறியின் வடிவத்தைச் சமூக நீதியும் மாற்றும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கணினியும் மின்னணு ஜக்கார்டும்

கட்டத்தாளில் கையால் நிரப்பிய கட்டங்களின் இடத்தைக் கணினித் திரை பிடித்தது. கோயில் தூணில் உள்ள யாளியையோ அன்னத்தையோ படமெடுத்து, மென்பொருளில் இழைக் கணக்காக மாற்றி, அதைக் கொண்டே அட்டை அடிக்க முடிந்தது. அடுத்த கட்டமாக வந்த மின்னணு ஜக்கார்டில் அட்டையே இல்லை. பென் டிரைவில் வந்த டிசைன் கோப்பைப் பெட்டி படித்து, மின்காந்த ஊசிகளால் இழைகளைத் தூக்குகிறது. முன்பு வாரக்கணக்கில் நடந்த டிசைன் மாற்றம் சில நிமிடங்களில் முடிகிறது.

இதன் மறுபக்கம் உரிமை பற்றியது. அடை ஒரு வீட்டின் சொத்தாக இருந்தது. அட்டைக்கட்டைத் தூக்கிச் செல்லவும் இரண்டு ஆள் வேண்டும். கோப்பு ஒரு நொடியில் வெளியூர் விசைத்தறிக்குப் போய்விடும்.

போலியும் சோதனையும்

தொழில்நுட்பம் நகலெடுப்பதை எளிதாக்கியபோது, அசலை அடையாளம் காட்டும் தொழில்நுட்பமும் தேவைப்பட்டது. பட்டிழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசுவதே அசல் ஜரிகை. இதைத் தயாரிக்க 1971இல் தமிழ்நாடு ஜரிகை ஆலை அரசு நிறுவனமாகக் காஞ்சிபுரத்தில் அமைந்தது. முன்பு ஜரிகையை உரசியும் எரித்தும் பார்த்த இடத்தில், எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி சேலையைச் சிதைக்காமல் தங்கம், வெள்ளி, செம்பு அளவைச் சொல்கிறது. தூய பட்டுக்கான சில்க் மார்க் 2004இலும், கைத்தறி முத்திரை 2006இலும் நடைமுறைக்கு வந்தன. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06இல் கிடைத்தது.

தொழிற்சாலைகளின் வருகை

தறிகளைக் குறைத்ததில், தறிக்குள் நுழைந்த கருவிகளைவிடச் சுற்றுவட்டாரத்தில் எழுந்த தொழிற்சாலைகளுக்கும் பிற வேலைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் கைபேசி ஆலையைத் திறந்து 2014இல் மூடியது. அதன்பின் பாக்ஸ்கான் உள்ளிட்ட நிறுவனங்கள் அப்பகுதியை மின்னணு உற்பத்தி மையமாக்கின. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளமும் நிறுவனப் பேருந்தும் கிடைத்தன. தறியிலோ சேலை முடிந்தால்தான் கூலி. ஒரு சேலைக்குப் பதினைந்து நாள் முதல் ஒரு மாதம் வரை ஆகும். நாடு முழுவதற்குமான கைத்தறிக் கணக்கெடுப்புகள், கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை 2009-10இல் 43.31 லட்சமாக இருந்து 2019-20இல் 35.22 லட்சமாகக் குறைந்ததைக் காட்டுகின்றன.

இன்றைய கணிப்புகள்

செயற்கை நுண்ணறிவு டிசைன் போட்டுத் தரும், வாங்குபவர் திரையிலேயே சேலையை உடுத்திப் பார்ப்பார், நெய்தவர் யார், ஜரிகை எவ்வளவு என்ற விவரமெல்லாம் சேலையின் குறியீட்டைக் கைபேசியில் காட்டினாலே தெரியும் என்பவை தற்போது பேசப்படுபவை. இவற்றுள் பெரும்பாலானவை டிசைனையும் விற்பனையையும் சேர்ந்தவை. அடை, அட்டை, கோப்பு என்று தொடரும் வரிசையில் செயற்கை நுண்ணறிவு அடுத்த படி. நினைவின் இடத்தை இப்போது கற்பனையும் பகிர்ந்துகொள்கிறது. கோர்வைக்கு வலப்புறம் உட்கார ஆள் கிடைப்பதும், தொழிற்சாலைச் சம்பளத்துக்கு ஈடான கூலி கிடைப்பதும் இக்கணிப்புகளுக்கு வெளியே உள்ள கேள்விகள். பட்டுத்தறியின் அடுத்த ஐம்பதாண்டுகளைத் தீர்மானிப்பதில் மென்பொருளைவிட இவ்விரண்டின் பங்கே பெரிதாக இருக்கக்கூடும்.