பிரிண்டருக்கு விலாசம் கொடுத்த கதை

பிரிண்டருக்கு எதற்கய்யா விலாசம்? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். 1985இல் ஆப்பிள் வெளியிட்ட லேசர்ரைட்டரின் விலை 6,995 டாலர். மேசைக்கு ஒன்று வாங்கிக் கொடுக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? பத்துப் பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 700 டாலருக்குள் முடிந்தது. பங்கு போட நெட்வொர்க் வேண்டும், நெட்வொர்க்கில் சேர ஓர் எண் வேண்டும்.

ஆப்பிள் இதைச் சுலபமாக முடித்துவிட்டது. ஆப்பிள்டாக் நெட்வொர்க்கில் சேரும் கருவி தானே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, "இது யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் எண் அதற்குத்தான். (பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதேதான்!)

ஐபி முகவரி அப்படிக் கிடைக்காது, யாராவது கொடுக்க வேண்டும். கணினி என்றால் கீபோர்டில் தட்டிவிடலாம். பிரிண்டரில் இருப்பதோ நாலைந்து பொத்தான்களும் துக்கினியூண்டு திரையும். 1991இல் எச்பியின் ஜெட்டைரக்ட் வந்து பிரிண்டர்கள் நேரடியாக நெட்வொர்க்கில் இணைந்தபோது இந்தத் தலைவலியும் கூடவே வந்தது.

அதற்குப் பிடித்த குறுக்கு வழிதான் வேடிக்கை. நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றிலும் தொழிற்சாலையிலேயே பதித்த 48 பிட் வன்பொருள் எண் உண்டு. பிரிண்டரின் சோதனைத் தாளில் அது அச்சாகி வரும். அதே நெட்வொர்க்கில் உள்ள கணினியில் ஏஆர்பி கட்டளை கொடுத்து, "இந்த ஐபி முகவரி இந்த வன்பொருள் எண்ணுக்கு உரியது" என்று எழுதிவிட்டு, அந்த முகவரிக்கு ஒரு பிங் அனுப்ப வேண்டும். இதுவரை விலாசமே இல்லாத பிரிண்டர் அதைப் பிரித்துப் பார்க்கும். 'கடிதம் எனக்குத்தான் வந்திருக்கிறது, அப்படியானால் மேலே எழுதியிருப்பது என் விலாசம்தான்' என்று எடுத்துக்கொள்ளும். கணினியிடம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது! 1982இல் டேவிட் பிளம்மர் ஏஆர்பியை வகுத்தது, தெரிந்த முகவரிக்குரிய வன்பொருள் எண்ணைக் கேட்டறிவதற்கு. பெயர் சூட்டு விழாவுக்கு அல்ல.

முறையான வழியும் இருந்தது. 1985இல் பில் கிராஃப்ட்டும் ஜான் கில்மோரும் எழுதிய பூட்பி. ஆனால் எந்த எண்ணுக்கு எந்த முகவரி என்று சர்வரில் ஒரு பேரேட்டை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும். 1993இல் ரால்ஃப் டிராம்ஸின் டிஎச்சிபி வந்ததும் பேரேட்டை சர்வரே எழுதிக்கொண்டது, முகவரியை வாடகைக்கு விட்டது. கணினிகளுக்கு இது சௌகரியம். பிரிண்டருக்கோ ஆபத்து. வாடகைக் காலம் முடிந்து அது வேறு முகவரிக்குக் குடிபோனால், அலுவலகக் கணினிகள் எல்லாம் காலி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் பிரிண்டருக்கு மட்டும் நிலையான முகவரி ஒதுக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

2002இல் ஆப்பிள், ஸ்டூவர்ட் செஷயரின் யோசனைகளோடு ரான்டேவூவைக் கொண்டுவந்தது. 2005இல் அதன் பெயர் போன்ஜூர் என்று மாறியது. முகவரி கொடுக்க சர்வர் இல்லையென்றால் கருவியே 169.254 என்று தொடங்கும் ஒன்றை எடுத்துக்கொண்டு, வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்கும். கணினிகள் பிரிண்டரைப் பெயர் சொல்லித் தேடும். இருபது வருடம் சுற்றி, மறுபடி அதே துண்டு!