முந்திரி முதல் ரோஸ்டர் வரை: பின்னக் கணக்கும் நம் பங்கும்

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளில் இரண்டு செய்திகள் அருகருகே கிடக்கின்றன. முதலாவது, நில அளவு. கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தை ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை நுணுக்கிக் கணக்கெழுதியிருக்கிறார்கள். தமிழரின் கணித மேன்மைக்கு மேடைதோறும் எடுத்துக்காட்டப்படும் செய்தி இது. இரண்டாவது, அதே ஊர்க் கணக்குகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியல். ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் அதில் வருகின்றன. இதை எந்த மேடையிலும் யாரும் எடுத்துக்காட்டுவதில்லை.

நிலத்தைக் கோடியில் ஒரு பங்காகப் பிரிக்கத் தெரிந்த அதே கைதான் மனிதர்களையும் பிரித்து எழுதி வைத்தது. ஆகவே, தோழர்களே, பின்னக் கணக்கின் வரலாற்றைப் பேசும்போது கூடவே ஒரு கேள்வியையும் கேட்க வேண்டும். கணக்கு யார் கையில் இருந்தது? பங்கு யாருக்குப் போனது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். பழைய தமிழ்க் கணக்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை மேல்வாய் இலக்கம், ஒன்றுக்குக் கீழ்ப்பட்டவை கீழ்வாய் இலக்கம். கீழ்வாயின் அடிப்படை முந்திரி. அது 320-ல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி, அதாவது 1/80. பதினாறு முந்திரி ஒரு மா, 1/20. இருபது முந்திரி ஒரு மாகாணி, 1/16. இதற்கு வீசம் என்றும் பெயர். நாற்பது முந்திரி அரைக்கால், எண்பது முந்திரி கால்.

இந்தப் பெயர்களுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி: 1/20-ஐயும் 1/80-ஐயும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. காலில் அரை அரைக்கால். மூன்று காணி முக்காணி. கூட்டலும் பெருக்கலும் சொல்லிலேயே அடங்கிவிட்டன.

பள்ளியில் பின்னம் என்றாலே நம் பிள்ளைகள் பயப்படும் இடம் 'பகுதியைச் சமமாக்குதல்'. 1/8-ஐயும் 1/20-ஐயும் எப்படிக் கூட்டுவது? எட்டையும் இருபதையும் கூட்டக் கூடாது என்பது தெரியும், ஏன் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. முந்திரிக் கணக்கு அதைத் தெளிவாக்குகிறது. அரைக்கால் என்பது 40 முந்திரி, மா என்பது 16 முந்திரி. கூட்டினால் 56 முந்திரி, அதாவது 56/320. சுருக்கினால் 7/40. வெவ்வேறு அளவுள்ள துண்டுகளை ஒரே அளவுள்ள சிறு துண்டுகளாக ஆக்கிவிட்டால் மிச்சமெல்லாம் சாதாரணக் கூட்டல்தான். பகுதியைச் சமமாக்குவதன் பொருள் இவ்வளவே. 320 என்ற எண்ணைப் பின்னால் வேறொரு வடிவத்தில் மறுபடி சந்திப்போம்.

இந்தக் கணக்கைக் கற்பித்த இடம் திண்ணைப் பள்ளி. பிள்ளைகள் மணலில் எழுதி, எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பித்து, நெல் அளவு, நில அளவு, பொன் அளவு எல்லாம் கற்றார்கள். எந்தப் பிள்ளைகள்?

1822-ல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். தரம்பால் இந்த ஆவணங்களை 1983-ல் நூலாக வெளியிட்டு, தமிழ் மாவட்டங்களில் 'சூத்திர' மாணவர்களே பெரும்பான்மை என்று காட்டினார். அது உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலின் பத்திகளைப் பாருங்கள்: பிராமணர், வைசியர், சூத்திரர், ஏனைய சாதியார், முஸ்லிம்கள். பறையர், பள்ளர், சக்கிலியர் என்று தனிப் பத்தி கிடையாது. கேட்கப்படாத கேள்விக்கு எந்தப் புள்ளிவிவரமும் பதில் சொல்லாது. 'அந்தக் காலத்தில் எல்லோரும் படித்தார்கள்' என்று யாராவது சொன்னால், அந்த 'எல்லோரும்' எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கேளுங்கள்.

இப்போது நம் பகுதிக்கு வருவோம். திருவேற்காடு, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். இங்கே நிலம் மிராசு முறையில் இருந்தது. ஊர் முழுவதையும் இத்தனை பங்கு என்று வகுத்து, ஒரு பங்கு, அரைப் பங்கு, கால் பங்கு என்று மிராசுதார்கள் வைத்திருந்தார்கள். பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம். பங்கோடு சேர்த்துப் பண்ணையடிமைகளையும் கைமாற்றினார்கள். உழுதவனுக்கு அந்தப் பங்கில் கால் கிடையாது, வீசமும் கிடையாது. அவன் பங்கு வைத்திருப்பவன் இல்லை, பங்கோடு சேர்ந்து போகும் பொருள்.

களத்துமேட்டில் அவனுக்குக் கிடைத்தது மேரை, கூலி நெல். வழக்கமான வாய்பாட்டில் 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். ஆகவே ஒரு கலம் 96 படி. கலத்துக்கு அரைப்படி என்று வைத்துக்கொண்டால் அது 192-ல் ஒரு பங்கு. நூறு கலம் அடித்த களத்தில் அது 50 படி, அரைக் கலத்தைவிடச் சற்றே கூடுதல். இதில் இரண்டு கேள்விகள் உண்டு. அரைப்படியைக் கணக்கிடுவது மொத்த அம்பாரத்துக்கா, மிராசுதார் தன் பங்கை எடுத்த பிறகு மீந்ததற்கா? அளக்கும் மரக்கால் யாருடையது? மரக்கால் எட்டில் ஒரு பங்கு குறைந்தால் கூலியிலும் எட்டில் ஒரு பங்கு போய்விடும், வாயால் பேசிய கூலி மட்டும் மாறாமல் நிற்கும். கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வோடு முத்திரை மரக்காலும் கேட்டதன் பொருள் இதுதான். அந்தத் தஞ்சையில்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்களை எரித்தார்கள். நெல்லளவில் ஒரு சிறு பின்னம் கூட்டிக் கேட்ட மக்கள் அவர்கள்.

சட்டத்திலும் பின்னம்தான் போராட்டக் களம். 1952-ல் தஞ்சைக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுபவருக்கு மகசூலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது. 1956-ன் நியாய வாரச் சட்டம் நன்செய்யில் நிலச்சொந்தக்காரருக்கு நூற்றுக்கு 40 என்றது. 2/5-ம் நூற்றுக்கு 40-ம் ஒரே அளவு. நான்கு ஆண்டில் அந்த அளவு மாறவில்லை, அது யாருடைய பங்கு என்பது தலைகீழானது. பின்னத்தைப் படித்தால் மட்டும் போதாது, 'எதில்', 'யாருக்கு' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

செங்கல்பட்டில் இந்தக் கணக்கை முதலில் அரசின் முன் வைத்தவர்களில் ஒருவர் மாவட்ட ஆட்சியர் ஜே.எச்.ஏ. திரமென்ஹீர். திருவள்ளூர்ப் பக்கம் வில்லியம் கௌடி, செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ ஆகிய மிஷனரிகளும் அப்போது இதே குரலை எழுப்பினார்கள். தரிசு நிலம் கேட்டுப் பறையர் மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை என்றிருந்த விதியைத் திரமென்ஹீர் 1891-ல் தன் அறிக்கையில் எடுத்துக்காட்டினார். அதன் விளைவு 1892-ன் அரசாணை 1010. பஞ்சமி நிலம் பிறந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. தமிழகத்தில் அப்படிக் கொடுத்த நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. காரணை பஞ்சமி நில மீட்புக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியான ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் நாம் மறக்க முடியாது.

இன்று திருவேற்காட்டில் காணி என்ற சொல் பத்திரத்தில் வருவதில்லை. கிரவுண்டு வருகிறது. 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு, 24 கிரவுண்டு ஒரு காணி. அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு என்று விற்கிறார்கள். அடுக்குமாடி என்றால் 'பிரிபடாத பங்கு' என்று ஒரு பின்னம். பழைய மிராசுப் பங்கின் மொழி புதிய பத்திரத்தில் தொடர்கிறது. அந்த நிலத்தின் மூலப் பட்டா எந்த நிபந்தனையோடு, யாருக்குக் கொடுத்தது என்று தேடிப் பார்ப்பது நம் வேலை.

இனி, 320-ஐ மறுபடி சந்திக்கும் இடம்: இட ஒதுக்கீட்டு ரோஸ்டர். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 விழுக்காடு, முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. நூறு பணியிடத்தில் 26 பேரையும் அரை ஆளையும் நியமிக்க முடியாது. ஆகவே 200 புள்ளிச் சுழற்சி. 26.5 என்பது 53 ஆகிறது, 3.5 என்பது 7 ஆகிறது. நமக்கு 36 புள்ளி. அதில் அருந்ததியருக்கு 6. முந்திரிக்கு 320 செய்த வேலையை இங்கே 200 செய்கிறது.

மொத்தம் பெரிதாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நியாயமாக வேலை செய்யும். 2017-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம், பல்கலைக்கழக ஆசிரியர் பணியிடத்துக்குத் துறையையே அலகாகக் கொள்ள வேண்டும் என்றது. 2018 மார்ச்சில் யுஜிசி அதைச் சுற்றறிக்கையாக்கியது. 13 புள்ளி ரோஸ்டர் என்று நாடெங்கும் மாணவர்கள் எதிர்த்தது இதைத்தான். மத்திய அரசில் நம் பங்கு நூற்றுக்கு 15. பழைய கணக்கில் அது மும்மா, 3/20. ஒன்றை 3/20-ஆல் வகுத்தால் ஆறும் மூன்றில் இரண்டும். எனவே நம் முதல் இடம் ஏழாவது பணியிடத்தில்தான் வரும். பழங்குடியினரின் 7.5 விழுக்காட்டுக்குப் பதினான்காவது இடம்.

30 துறைகள், துறைக்கு 6 பணியிடம், மொத்தம் 180 என்று ஒரு பல்கலைக்கழகத்தை வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகமே அலகு என்றால் நமக்கு 27 இடம். துறைதான் அலகு என்றால் முதல் நியமனத்தில் ஓர் இடமும் இல்லை. யாராவது ஓய்வுபெற்று ஏழாவது முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். 15 விழுக்காடு என்ற சட்டத்தை யாரும் தொடவில்லை. கூறு போடும் இடத்தை மட்டும் மாற்றினார்கள், 27 பூஜ்யமானது. போராட்டத்தின் விளைவாக 2019 மார்ச்சில் அவசரச் சட்டமும் பின்னர் நாடாளுமன்றச் சட்டமும் வந்து, கல்வி நிறுவனமே மறுபடி அலகாயிற்று.

மரக்காலைச் சுருக்கிய தந்திரமும் துறையை அலகாக்கிய தந்திரமும் ஒன்றே. இரண்டிலும் பங்கின் பெயர் மாறாது, பங்கு மட்டும் காணாமல் போகும்.

நீலகிரியில் ஐரோப்பியக் கம்பெனியில் கணக்கராக வேலை பார்த்த ரெட்டைமலை சீனிவாசன், பின்னர் வட்டமேசை மாநாட்டில் நம் பிரதிநிதித்துவத்தின் அளவுக்காக வாதாடினார். கணக்கு தெரிந்தவர் கேட்ட பங்கு அது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதி மக்கள் நூற்றுக்கு 20. பழைய கணக்கில் அது நாலு மா, ஐந்தில் ஒரு பங்கு. நம் மாலை வகுப்புகளில் பின்னம் நடத்தும் தோழர்கள் கேக் துண்டையும் பீட்சாவையும் விட்டுவிட்டு, ஊராட்சியின் வரவுசெலவையும் கல்லூரியின் ரோஸ்டர் பதிவேட்டையும் தெருவின் பட்டாவையும் எடுத்து வையுங்கள். நாலு மா எங்கே என்று பிள்ளைகளே தேடட்டும்.