கடைமுகமும் வாடிக்கையும்: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைச் சில்லறை வியாபாரம் பற்றிய ஓர் ஆய்வு

கொழும்பு மாநகரின் தென்பகுதியில் காலி வீதியை ஒட்டிப் பம்பலப்பிட்டிக்கும் தெகிவளைக்கும் இடையே நீண்டு கிடக்கும் வெள்ளவத்தையிலும், வடபகுதியில் புனித லூசியாள் பேராலயத்தைச் சூழ்ந்து நெருங்கிக் கிடக்கும் கொட்டாஞ்சேனையிலும், தமிழ் பேசும் குடும்பங்களை நம்பித் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த பலசரக்குக் கடைகளும் புடவைக் கடைகளும் தம் வாடிக்கையாளரைச் சிறிது சிறிதாக இழந்து வருகின்றன என்பது அவ்வீதிகளில் நடமாடுவோர் எவரும் அறிந்த விஷயம். காரணம் யாது என்று கடை முதலாளிமாரைக் கேட்டால், பெரிய ஸ்தாபனங்களின் மூலதன பலம், குளிரூட்டிய மண்டபம், வாகனம் நிறுத்த இடம், கைத்தொலைபேசியிலேயே பொருளை வரவழைக்கும் புது வழக்கம் என்று ஒவ்வொன்றாக எடுத்துரைப்பர். இவை எவையும் பொய்யல்ல. ஆயினும், கடைக்குள் வந்த மனிதர் அங்கே எவ்வாறு நடத்தப்படுகிறார் என்ற ஒரு கேள்வியை மட்டும் இந்த விடைகள் தொடாமலே சென்றுவிடுகின்றன. வாடிக்கை குறைந்ததற்கு முதற்காரணம் அந்த நடத்தையே என்பதும், அந்நடத்தை தனிமனிதர் சிலரின் குணக்கேடன்று, பஞ்ச காலமும் பய காலமும் அடுத்தடுத்து வளர்த்துவிட்ட ஒரு பழக்கம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதத்துக்கு உறுதியான சான்று நம் கண்முன்னேயே இருக்கிறது. வெள்ளவத்தைத் தமிழ்ப் பெண்மணி ஒருவர், தம் ஒழுங்கையின் முகப்பிலுள்ள தமிழ்க் கடையைக் கடந்து நடந்து, கார்கில்ஸ், கீல்ஸ் போன்ற நிறுவனமொன்றின் சுப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைகிறார். அங்கே பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். பேரம் பேச இடமில்லை. மாதக் கடைசியில் கடன் கொப்பியில் எழுதிக்கொள்ளும்படி சொல்ல முடியாது. பருப்பும் சீனியும் பல வேளைகளில் அங்கே மலிவுமல்ல. மொழி, கடன், பேரம், அண்மை ஆகிய நான்கு அநுகூலங்களையும் விட்டுக்கொடுத்து அவர் எதைப் பெறுகிறார்? உபசாரத்தை என்று சொல்வதற்கில்லை; அங்கே அவரை வரவேற்று விசாரிப்பவர் எவருமிலர். விலை தட்டிலேயே எழுதியிருக்கிறது. எடுத்த பொருளைப் பிடிக்காவிட்டால் எவருடைய முகத்தையும் பாராமல் திரும்ப வைத்துவிடலாம். முன்னால் வந்தவருக்கு முன்னால் கணக்குப் பார்க்கப்படுகிறது. பில் கேளாமலே கைக்கு வருகிறது. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற பெயரில் முதன்முதலாகச் சுயசேவைக் கடையைத் திறந்தபோது, விற்பனையாளரின் சம்பளச் செலவைக் குறைப்பது அவர் கருத்தாக இருந்தது. நூறு ஆண்டுகளின் பின் நம் ஊரில் அதே ஏற்பாடு வேறொரு பயனையும் தருகிறது: வாங்குபவரை விற்பவரின் முகத்திலிருந்து அது விடுவிக்கிறது. வாடிக்கையாளர் நல்ல உபசாரத்தைத் தேடிப் போனார் என்பதைவிட, அவமதிப்பு நேர வழியில்லாத ஓர் இடத்தைத் தேடிப் போனார் என்பதே பொருத்தமாகும்.

அவமதிப்பு என்ற சொல் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அது பெரிய நிகழ்ச்சிகளில் நேர்வதன்று. விலை கேட்டால் "எடுக்கிறதெண்டாச் சொல்லுங்கோ" என்ற மறுமொழியிலும், மூன்றாவது சீலையை விரிக்கச் சொன்னதும் எழுகின்ற பெருமூச்சிலும், மிச்சக் காசுக்குப் பதிலாக நீட்டப்படும் டொபியிலும், பற்றுச்சீட்டுக் கேட்டவரை ஐயத்துடன் நோக்கும் பார்வையிலும், முந்திய நாள் வாங்கிய சட்டையை மாற்ற வந்தவரைக் குற்றவாளிபோல் நிற்கவைப்பதிலும் அது சில்லறையாகச் சேருகிறது. இது எல்லாருக்கும் ஒரே அளவில் நேர்வதுமில்லை. வெள்ளவத்தைப் புடவைக் கடையொன்றில், மகளின் சாமத்தியச் சடங்குக்குச் சீலை பார்க்க வந்த மலையகத் தாயொருவரை, அவருடைய செருப்பை நோக்கியே நிறுத்திவைத்து, அவருக்குப் பின் வந்தவர்களுக்கு ஆசனம் இட்டுக் குளிர்பானம் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த இறங்குதலைக் கடைக்காரர் நஷ்டமாகக் கணக்கில் எழுதியிருக்க மாட்டார்.

நம் இலக்கிய மரபு வணிகரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழும்போது, அவர்கள் கொள்வதில் மிகாமலும் கொடுப்பதில் குறையாமலும் நடந்த நடுவுநிலையைப் புகழ்கிறது. முகம் வேறுபட்டு நோக்கினாலே வாடிப்போகும் உள்ளத்தைத் திருவள்ளுவரும் பேசியிருக்கிறார். ஆயின், அது விருந்தோம்பலில், இல்லறத்தானுக்குச் சொல்லப்பட்டது. வணிகனிடம் அளவின் நேர்மையையும் இல்லறத்தானிடம் முகத்தின் மலர்ச்சியையும் எதிர்பார்த்த இந்தப் பங்கீடு நம் சிந்தனையில் ஆழப் பதிந்திருக்கிறது என்று எண்ணுகிறேன். கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் பலர் எடையில் ஒரு கிராமும் குறைக்காதவர்கள். தாம் நேர்மையானவர் என்று அவர்கள் கொள்ளும் பெருமிதம் நியாயமானது. எடை சரியாயிருக்கும்போது வேறு என்ன குறை என்று அவர்கள் மெய்யாகவே வியக்கிறார்கள்.

இனிப் பழக்கத்தின் மூலத்தைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது. கூட்டுறவுச் சங்கக்கடைகள் ஊரெங்கும் பெருகின. பிற்காலத்தில் சதொச என்று வழங்கிய கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் 1949இல் சட்டத்தினால் நிறுவப்பட்டது. அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகி, 1970க்கும் 1977க்கும் இடையே பாணுக்கும் துணிக்கும் வரிசையில் நிற்கும் காலமாயிற்று. கூப்பனோடு வந்து நிற்பவர் அந்தக் காலத்தில் வாங்குபவராக வரவில்லை, விண்ணப்பதாரராக வந்தார். கொடுப்பவர் முகங்கொடுத்தால் அது தயவு. கொடாவிட்டாலும் பொருள் கிடைத்ததே போதும். ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஸ் கோர்னாய், 1980இல் வெளியான தட்டுப்பாட்டுப் பொருளாதாரம் பற்றிய தம் நூலில், பொருள் அரிதாகும் இடத்தில் வாங்குபவர் விற்பவரைத் திருப்திசெய்ய முயல்வார், எதிர்த்திசையில் முயற்சி நிகழாது என்று விளக்கினார். அவர் எழுதியது சோஷலிச நாடுகளைப் பற்றி. ஆயினும் அக்காலக் கொழும்பின் எந்தக் கடைக்கும் அது பொருந்தும். 1977இல் சந்தை திறந்துவிடப்பட்டது. 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. பொருள் பெருகியபின் பழக்கமும் மாறியிருக்க வேண்டும். தமிழ்ப் பகுதிகளில் அந்த மாற்றத்தை மறித்த சம்பவம் சந்தை திறந்த ஆறே ஆண்டுகளில் வந்தது.

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் தமிழருடைய கடைகள் தேடித் தேடிக் கொளுத்தப்பட்டன. அதே ஆண்டில்தான் கார்கில்ஸ் நிறுவனம் தன் முதலாவது பூட் சிற்றியைக் கொழும்பு ஸ்டேபிள் வீதியில் திறந்தது என்பதை இங்கே நினைவுகூர்கிறேன்; ஒரு பகுதி வியாபாரிகள் புது முறையொன்றைக் கற்கத் தொடங்கிய காலத்தில், மற்றொரு பகுதியினர் சாம்பலிலிருந்து மீண்டும் கடை கட்டிக்கொண்டிருந்தனர். மீண்டு வந்த கடைகள் வெறும் வியாபார ஸ்தலங்களாக இருக்கவில்லை. 1995இல் யாழ்ப்பாணத்துக் குடிகள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்ததன் முன்னும் பின்னும் கொழும்பு வந்து, விடுதிகளில் தங்கி, பொலிஸ் பதிவும் வெளிநாட்டு விசாவும் எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களுக்கு, பயமின்றித் தமிழில் உப்பும் புளியும் கேட்கக்கூடிய இடம் அவை. 2007 ஜூன் 7ஆம் தேதி விடிகாலையில் கொழும்பு விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டு, மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்த அந்த நாட்களில், தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருப்பதே ஒரு பாதுகாப்பு. அத்தகைய இடத்தில் முகச்சுளிப்பை யார் பொருட்படுத்துவர்? ஜனங்கள் பொறுத்தார்கள், பொறுத்தது நன்றியினால். ஆனால் கடைக்காரர் அந்தப் பொறுமையைத் தம் நடத்தைக்குக் கிடைத்த அங்கீகாரமாக எடுத்துக்கொண்டார். தென்னிலங்கையின் பிற பகுதிகளில் போட்டியினால் தேய்ந்துபோன பஞ்சகாலப் பழக்கம், இங்கே பயத்தின் நிழலில் மேலும் கால் நூற்றாண்டு உயிர்வாழ்ந்தது.

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபின் அந்த நிழல் மெல்ல விலகிற்று. போக வேறிடமும் உண்டாயிற்று. கல்யாணச் சீலைக்குச் சென்னை தியாகராய நகர் வரை போய் வருவது கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் சாதாரணமாயிற்று. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனத்தின் தரம் தாழும்போது மக்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: விலகிச் செல்வது, அல்லது நின்று முறையிடுவது. பற்று மிகுந்தவர் விலகத் தாமதிப்பர். நைஜீரிய ரயில்வேயைக் கண்டுதான் அவருக்கு இச்சிந்தனை பிறந்தது. லொறிகளோடு போட்டி வந்த பின்பும் அந்த ரயில்வே திருந்தவில்லை. ஏனெனில் குறை சொல்லித் திருத்தக்கூடியவர்களே முதலில் லொறிக்கு மாறிவிட்டனர். காலி வீதியில் நடப்பதும் அதுவே. விலை எழுதவில்லையே, பில் தரவில்லையே என்று கேட்கக்கூடிய படித்த இளம் பெண்கள் முதலில் போய்விட்டார்கள். எஞ்சியிருப்போர் நடக்க இயலாத முதியோரும் கடன் கொப்பியில் பெயர் உள்ளோரும். அவர்கள் வாய் திறவார். எவரும் குறை சொல்வதில்லை என்று முதலாளி சொல்வது உண்மைதான். அது அவருக்கு ஆபத்தான உண்மை. ஆகஸ்ட் மாதத்தில் பவுணும் டொலரும் கொண்டுவரும் புலம்பெயர்ந்தோரின் கூட்டம் இந்த நஷ்டத்தை மறைத்துவிடுகிறது. அவர்களுக்காக உள்ளூர்க்காரரைக் காக்கவைக்கும் கடை, செப்டெம்பரில் காலியாகிறது.

2022இன் நெருக்கடி, அழிந்ததென்று எண்ணிய பஞ்ச காலத்தை ஒரேயடியாகத் திருப்பிக் கொணர்ந்தது. ரூபாய் வீழ்ந்தது, கொழும்பின் பணவீக்கம் அவ்வாண்டு செப்டெம்பரில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அப்பொழுது சில கடைக்காரர் பால்மாவைத் தெரிந்தவர்க்கு மட்டும் மறைவில் எடுத்துக் கொடுத்தனர். சிலர் வேறு சாமானும் வாங்கினால்தான் தருவோம் என்றனர். வேறு சிலரோ, வேலையிழந்த குடும்பங்களின் கடன் கொப்பியை மூடாமல், தாமே கடன்பட்டுப் பலரைக் காப்பாற்றினர். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இவ்விருவகைக் கடைகளும் இன்றும் பெயர் சொல்லிப் பேசப்படுகின்றன. முதல்வகைக் கடைகளுக்கு மீண்டும் போகாதவர்கள் ஏன் போகவில்லை என்பதையும் மறவாமல் சொல்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், விலையைக் கண்ணுக்குத் தெரிய எழுதி வைக்கவும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும் வியாபாரியைக் கட்டாயப்படுத்துகிறது; இருக்கும் பொருளை இல்லையென்பதும் குற்றம். ஆனால் முறுமுறுப்புக்கும் பார்வைக்கும் வழக்குத் தொடுக்க முடியாது. அவை சட்டத்துக்கு எட்டாத இடத்தில் நிகழ்கின்றன. அவை எங்கிருந்து பிறக்கின்றன என்று தேடினால், கடைப் பெடியனிடம் வந்து நிற்க நேரிடுகிறது.

அவன் பெரும்பாலும் மலையகத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த இளைஞன். கடையின் மேல்மாடியிலேயே படுக்கை. காலை தொடங்கி இரவு கடை சாத்தும் வரை நின்றபடி வேலை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 45 மணி நேரமும் வகுத்து, அதற்கு மேற்பட்ட வேலைக்குத் தனி வேதனம் வேண்டுமென்கிறது. அவனுக்கு அது தெரியாது. தியாகராய நகர்க் கடைகளில் இதே வாழ்க்கையை 2010இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரைப்படம் காட்டியது. 2021இல் தமிழ்நாட்டு அரசு கடை ஊழியர் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. வாடிக்கையாளர் முன்னிலையிலேயே 'டேய்' என்று விளித்து ஏசப்படுகின்ற ஒருவனிடம், அந்த வாடிக்கையாளரை 'அம்மா', 'அக்கா' என்று முகமலர்ந்து அழைக்கும்படி எதிர்பார்ப்பது எவ்வாறு நியாயமாகும்? அவன் நாள் முழுதும் எதைப் பெறுகிறானோ அதையே திருப்பித் தருகிறான். எனவே, பெரிய நிறுவனங்களைப் பின்பற்றிப் புன்னகைப் பயிற்சி கொடுக்கலாம் என்று சிலர் கூறும் யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த இளைஞனுக்கு ஒரு முக்காலியும் சட்டம் சொன்ன எட்டு மணி நேரமும் பெயர் சொல்லி அழைக்கும் மரியாதையும் முதலில் வரட்டும். அதன் பின் விலை எழுதிய அட்டையும் கேளாமலே வரும் பற்றுச்சீட்டும். பயிற்சியைப் பற்றி அதற்கப்பால் பேசலாம்.