ஏழில் மூன்று

1996 யூன் 4 அன்று, தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான்-5 ரொக்கெற் முதன்முறையாகப் புறப்பட்டது. சுமார் 40 செக்கன்களில் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த நான்கு செய்மதிகளும் அழிந்தன.

இயந்திரத்தில் பழுதில்லை, மென்பொருளில்தான் கோளாறு. திசையறி கருவியின் மென்பொருளை முந்தைய ஏரியான்-4 இலிருந்து எடுத்திருந்தார்கள். அதை எழுதியவர்கள் ஆபத்தை எண்ணிப் பார்க்காதவர்கள் அல்லர், நேயர்களே. அளவுமீறிப் பெருகக்கூடிய ஏழு எண்களை இனங்கண்டார்கள். கணினியின் வேலைப்பளு 80 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பதால் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு வைத்தார்கள். மற்ற மூன்றும் அவ்வளவுக்கு உயராது என்று முடிவெடுத்தார்கள். ஏரியான்-4 க்கு அது சரியான முடிவுதான்.

ஆனால் ஏரியான்-5 இன் பாதை வேறு. கிடைவேகம் மிக அதிகம். பாதுகாப்பற்ற மூன்றில் ஒன்று 32,767 என்ற எல்லையைக் கடந்தது. கருவி நின்றது. மாற்றுக் கருவி? அதிலும் அதே மென்பொருள். அது ஒரு கணம் முன்னதாகவே நின்றுவிட்டது.

இத்தனைக்கும், ரொக்கெற் எழுந்த பின் அந்தக் கணக்கே ஏரியான்-5 க்குத் தேவையில்லை. பழைய வழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புதிய பாதையை வைத்து அந்தக் கருவியை ஒருமுறையாவது சோதித்திருந்தால் பிழை தரையிலேயே பிடிபட்டிருக்கும். நன்றாக உழைத்த பொருளென்று விட்டுவிட்டார்கள்.

மூன்றை விட்ட காரணமும் நிரலில் எழுதப்பட்டிருக்கவில்லை என்று கணிதவியலாளர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக்குழு கண்டது. நம் பிள்ளைகள் பலர் இன்று இத்தொழிலில் இருப்பதால், எனக்கு அதுதான் பெரிய தவறாகப் படுகிறது. அடுத்து வந்த அணிக்கு மென்பொருள் கிடைத்தது, அதன் நிபந்தனை கிடைக்கவில்லை.

மீண்டும் செய்யப்பட்ட நான்கு செய்மதிகள் 2000 இல் ரஷ்யாவின் சோயுஸ் ரொக்கெற்றுகளில் ஏறிச் சென்றன.